ஆளுக்கு ஒரு மூடித் தண்ணீர்

லேடி பி குட் விமானத்தின் கதையை யாராவது யூடியூபில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். 'சபிக்கப்பட்ட விமானம்' என்று தலைப்பு. அதன் பாகங்களைக் கழற்றி மாட்டிய வேறு விமானமும் விழுந்ததாம், அதனால் சாபமாம். நேற்றும் ஒன்று கண்ணில் பட்டது. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

1943 ஏப்ரல் 4. லிபியாவின் சொலுக் தளத்திலிருந்து இத்தாலியின் நேப்பிள்ஸைத் தாக்கக் கிளம்பிய அமெரிக்க பி-24 குண்டுவீச்சு விமானங்களில் ஒன்று அது. உள்ளே ஒன்பது பேர். ஒரு குழுவாக அவர்களுக்கு அதுதான் முதல் தாக்குதல் பயணம். திரும்பும்போது இருட்டிவிட்டது, கூட வரவும் யாருமில்லை. நள்ளிரவு தாண்டி விமானி ஹேட்டன் ரேடியோவில் திசை கேட்டார். தளத்திலிருந்த கருவி, விமானம் எந்த நேர்கோட்டில் இருக்கிறது என்று மட்டும்தான் காட்டும்; விமானம் அந்தக் கோட்டில் முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்று சொல்லாது. கடல் பக்கமிருந்துதான் வருகிறார்கள் என்று நினைத்துப் பதில் கொடுத்தார்கள். விமானமோ ஏற்கெனவே தளத்தைத் தாண்டிவிட்டிருந்தது. பின்னால் ஆராய்ந்தவர்கள் சொன்ன காரணம் இது. மேலிருந்து பார்த்தால் ராத்திரியில் கடலும் கறுப்பு, மணலும் கறுப்பு.

இரண்டு மணிவாக்கில் எரிபொருள் தீர்ந்து, சகாராவில் குதித்தார்கள். துணை விமானி டோனர் டைரியில் எழுதுகிறார்: ஜானைக் காணோம், மற்ற எல்லாரும் இருக்கிறோம். ஜான் வொராவ்காவின் பாராசூட் சரியாக விரியவில்லை என்பது 1960இல் உடல் கிடைத்தபோதுதான் தெரிந்தது. மீதி எட்டுப் பேருக்கும் சேர்த்து அரைக் குப்பித் தண்ணீர். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு மூடி. குப்பியைத் திருகி மூடுவோமே, அந்த மூடி.

கடல் பக்கத்தில்தான் இருக்கும் என்று வடமேற்கே நடந்தார்கள். கடலோ ஐநூறு கிலோமீட்டருக்கும் அப்பால்.

விமானம் தெற்கே சுமார் 25 கிலோமீட்டரில் தானாகத் தரையிறங்கிக் கிடந்தது. 1959இல் ஆட்கள் போய்ப் பார்த்தபோது உள்ளே தண்ணீரும் சாப்பாடும் இருந்தன, ரேடியோ வேலை செய்தது. வீடியோக்காரர்கள் இந்த இடத்தில்தான் 'ஐயோ, தப்பான பக்கம் போயிட்டாங்களே' என்று உச்சுக்கொட்டுவார்கள். சரி, விமானம் முழுசாகக் கிடக்கிறது என்று அந்த எட்டுப் பேருக்கு யார் போய்ச் சொல்வது? ஆளில்லாத விமானம் நொறுங்கியிருக்கும் என்றுதானே நீங்களும் நானும் நினைத்திருப்போம்? அவர்களுக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் சரியான பக்கம்தான் நடந்தார்கள். வாழ்க்கையில் பாலைவனமே பார்க்காத நாம் எண்பது வருஷம் கழித்து, வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு, ஏசி அறையில் புத்தி சொல்கிறோம்.

நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்தபிறகு ஐந்து பேரால் முடியவில்லை. மூன்று பேர் உதவி தேடி மேற்கொண்டு நடந்தார்கள். அவர்களில் ஒருவரின் உடல் கிடைக்கவே இல்லை.

டோனரின் கடைசிக் குறிப்பு ஏப்ரல் 12, திங்கள். இன்னும் உதவி வரவில்லை, இரவு கடுங்குளிர் என்று எழுதியிருக்கிறார். நேற்றைய வீடியோவில் அந்த இடத்தில் நாய் ஊளைச் சத்தம் போட்டிருந்தார்கள்.