'எனக்கு வலிக்கிறது' என்பதற்காக ஒரு அத்தியாயம் போனது

மனம், தன்னிலை ('நான்' என்கிற உணர்வு) பற்றி எழுதிக்கொண்டிருக்கும் புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயத்தை முழுதாக எடுத்துவிட்டேன். நாற்பது பக்கம், ஆறு மாத உழைப்பு. வருத்தம்தான்.

போன வாரம் அக்காவிடம் அதை வாசித்துக் காட்டினேன். "நான் வலியை உணர்கிறேன் என்னும்போது, உணர்கிற அந்த நான் யார்?" என்பது முதல் வரி. அங்கேயே நிறுத்திவிட்டாள். "யாருடா அப்படிச் சொல்லுவாங்க? எனக்கு வலிக்குதுன்னுதானே சொல்லுவோம்?"

அன்றிரவு அதே நினைப்பு. நடப்பதற்கும் எழுதுவதற்கும் 'நான்' வருகிறது. பசிக்கும்போது, குளிரும்போது, ஒன்று பிடிக்கும்போது, ஞாபகம் வரும்போது 'எனக்கு' என்கிறோம். அதே ஆள்தான், ஆனால் நான்காம் வேற்றுமைக்குப் போய்விடுகிறான். நானோ நாற்பது பக்கமும் அவனை எழுவாயாகவே உட்கார வைத்திருந்தேன்.

'நினைக்கிறேன், ஆகவே இருக்கிறேன்' என்று பிரெஞ்சுத் தத்துவவாதி தெகார்த் 1637இல் எழுதினார். அடுத்த நூற்றாண்டில் ஜெர்மனியின் சிந்தனையாளர் லிஷ்டன்பெர்க் அதை மறுத்தார்: 'மின்னுகிறது' என்பதுபோல 'நினைக்கிறது' என்று சொல்லத்தான் நமக்கு உரிமை உண்டு, 'நான்' என்பது கூடுதல். சரி, அப்படியானால் அந்த நினைப்பு யாருடையது? இந்தக் கேள்வியில்தான் நான் மாதக்கணக்கில் முட்டிக்கொண்டு நின்றேன். 'எனக்குத் தோன்றுகிறது' என்ற சாதாரணப் பேச்சு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. எண்ணம் தானாக எழுகிறது. ஆனாலும் ஒருவருக்குத்தான் எழுகிறது. செய்கிறவன் இல்லாமலே அனுபவத்துக்கு ஓர் உரியவன் கிடைத்துவிடுகிறான். தன்னிலை என்று நான் தேடியது இந்த 'கு' உருபின் பக்கம்தான் இருக்கிறது என்று இப்போது நம்புகிறேன்.

இதில் தமிழ்ப் பெருமை பேச ஒன்றுமில்லை. மலையாளத்திலும் இந்தியிலும் இதே அமைப்பு உண்டு, ஜெர்மானியரும் 'எனக்குக் குளிராக இருக்கிறது' என்றுதான் சொல்கிறார்கள். இலக்கணத்தை வைத்து மனம் இப்படித்தான் என்று நிரூபிக்கவும் முடியாது. ஆனால் தமிழில் மனதைப் பற்றி எழுதுகிறவன் இதைக் கவனிக்காமல் போனது பெரிய பிழை.

ஜெர்மன் தத்துவவாதி காண்ட் 'தூய அறிவின் விமர்சனம்' என்ற தன் பெரிய நூலை 1781இல் வெளியிட்டு, 1787இன் இரண்டாம் பதிப்பில் 'நான்' பற்றிய பகுதிகளைப் பெருமளவு மாற்றி எழுதினார். 'நான் நினைக்கிறேன்' என்பது என் எண்ணங்கள் எல்லாவற்றோடும் சேர்ந்து வரக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற அவருடைய புகழ்பெற்ற வாக்கியம் முதல் பதிப்பில் கிடையாது. அச்சான பிறகே அவரால் மாற்ற முடிந்தது. என்னுடையது இன்னும் கைப்பிரதி.

இப்போது அத்தியாயம் இப்படித் தொடங்குகிறது: "பல் வலிக்கிறது. யாருக்கு?" அக்காவுக்கு இன்னும் வாசித்துக் காட்டவில்லை. இரண்டாம் அத்தியாயத்திலும் 'நான் உணர்கிறேன்' பதினேழு இடத்தில் இருக்கிறது. முதலில் அதை முடிக்க வேண்டும்.