மாத்திரை இலவசம், உழைப்பும் இலவசமா?

ஆப்பிரிக்கக் கிராமங்களில் சம்பளமே இல்லாமல் சுகாதார வேலை பார்க்கும் தன்னார்வலர்களின் படத்தைப் போட்டு, "தெய்வம் மாதிரி மனுஷங்க" என்று எழுதும் பதிவுகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. அவர்கள் மேல் எனக்கும் பெரிய மரியாதை உண்டு. ஆனால் பாராட்டோடு நிறுத்திக்கொள்ள மனம் ஒப்பவில்லை. அவர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

ஆற்றுக் குருடு என்ற நோயை எடுத்துக்கொள்வோம். வேகமாக ஓடும் ஆறுகளில் முட்டையிடும் ஒரு சின்னக் கருப்பு ஈதான் அதைப் பரப்புகிறது. அந்த ஈ கடிக்கும்போது ஒரு புழுவின் லார்வா உடம்புக்குள் போகிறது. அது வளர்ந்து, தோலுக்கு அடியில் முடிச்சு போலத் தங்கி, 10 முதல் 15 வருஷம் வரை உயிரோடு இருந்து குட்டிகளைப் பெருக்கிக்கொண்டே இருக்கும். அந்தக் குட்டிப் புழுக்கள் தோலுக்குள் ஊரும்போது வரும் அரிப்பு மனிதனைத் தூங்க விடாது. கண்ணுக்குள் போய்விட்டால் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை போகும். மேற்கு ஆப்பிரிக்காவின் ஆற்றோரங்களில் நல்ல விளைச்சல் நிலத்தை அப்படியே விட்டுவிட்டு ஊர் ஊராகக் கிளம்பிப் போயிருக்கிறார்கள். பார்வை இழந்த பெரியவர் ஒரு கம்பைப் பிடித்திருக்க, அதன் மறுமுனையைப் பிடித்து ஒரு சிறுவன் முன்னால் நடக்கும் சிலை ஜெனீவாவில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமையகத்தில் இருக்கிறது. அந்தக் காட்சி பல கிராமங்களில் அன்றாடம் நடந்தது. கம்பைப் பிடித்து நடக்கிற பையன் பள்ளிக்கூடம் போக முடியாது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

1974-ல் ஹெலிகாப்டரில் போய் ஆறுகளில் பூச்சிமருந்து தெளிக்கும் திட்டம் தொடங்கியது. 1987-ல் மெர்க் என்ற மருந்து நிறுவனம் ஐவர்மெக்டின் மாத்திரையை, தேவைப்படும் காலம் வரை, இந்த நோய்க்கு இலவசமாகத் தருவதாக அறிவித்தது. மருந்து கிடைத்துவிட்டது, சரி. ஆனால் அந்த மாத்திரை குட்டிப் புழுக்களைத்தான் ஒழிக்கும், தாய்ப்புழுவைக் கொல்லாது. அதனால் தாய்ப்புழு தானாகச் சாகும்வரை, ஊரில் எல்லோரும், வருஷா வருஷம் விழுங்கியாக வேண்டும். ரோடு இல்லாத ஊர்களுக்கு வருஷா வருஷம் யார் கொண்டுபோய்க் கொடுப்பது? முதலில் ஜீப்பில் குழுக்களை அனுப்பிப் பார்த்தார்கள். செலவு கட்டுப்படியாகவில்லை, எல்லோருக்கும் போய்ச் சேரவும் இல்லை. 1990-களின் நடுவில்தான் பொறுப்பைக் கிராமத்திடமே கொடுத்துப் பார்த்தார்கள். 1995-ல் தொடங்கிய ஆப்பிரிக்க ஆற்றுக் குருடு கட்டுப்பாட்டுத் திட்டம் அந்த முறையை அப்படியே எடுத்துக்கொண்டது.

முறை இதுதான். ஊர் கூடி, நம்பிக்கையான ஒருவரையோ சிலரையோ தேர்ந்தெடுக்கும். எந்த மாதத்தில் கொடுப்பது, வீடு வீடாகப் போவதா, ஒரே இடத்துக்கு எல்லோரையும் வரச் சொல்வதா என்பதையும் ஊரே முடிவு செய்யும். தேர்வானவர்களுக்குச் சின்னதாக ஒரு பயிற்சி. அப்புறம் அவர்களே சுகாதார நிலையத்துக்குப் போய் மாத்திரை வாங்கி வருவார்கள், ஒரு நோட்டில் வீட்டு வாரியாக ஆள் கணக்கு எழுதுவார்கள்.

அவர்கள் கையில் இருக்கும் கருவி ஒரு கம்பு. எடை பார்க்க மெஷின் கிடையாது, எடைக்குப் பதில் உயரம். 90 சென்டிமீட்டருக்குக் கீழே இருக்கும் குழந்தைக்கு மாத்திரை இல்லை. 90-லிருந்து 119 வரை ஒன்று, 140 வரை இரண்டு, 158 வரை மூன்று, அதற்கு மேல் நான்கு. கம்பில் கோடுகள் போட்டிருக்கும். ஆளை அதன் பக்கத்தில் நிறுத்தி, தலை எந்தக் கோட்டில் படுகிறதோ அத்தனை மாத்திரை. கர்ப்பிணிகளுக்கும், பிள்ளை பெற்று ஒரு வாரம் ஆகாத தாய்க்கும், படுத்த படுக்கையாக இருப்பவருக்கும் கொடுக்கக் கூடாது. ஒரு விவசாயி இதை மனதில் வைத்துக்கொண்டு, தன் ஊரில் யார் கர்ப்பம், யார் வெளியூரில் என்று கேட்டறிந்து, தவறில்லாமல் கொடுக்க வேண்டும். அந்தக் கம்பை யோசித்தவரை மனதாரக் கும்பிடுகிறேன்.

இப்படித்தான் வருஷத்துக்கு 10 கோடிப் பேருக்கு மேல் மாத்திரை போய்ச் சேரும் நிலை வந்தது. 2025 ஜனவரியில் நைஜர், ஆற்றுக் குருடு பரவுவதை ஒழித்த முதல் ஆப்பிரிக்க நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்றது.

சரி, கொடுத்தவருக்கு என்ன கிடைத்தது? கிராமமே தானியமாகவோ, வயல் வேலையில் கைகொடுத்தோ ஏதாவது செய்யும் என்பது எதிர்பார்ப்பு. சில ஊர்கள் செய்தன, பல ஊர்களில் அது பேச்சோடு போனது. மாத்திரை கொடுக்கும் நாட்களில் அவருடைய வயல் சும்மா கிடக்கும். போன வீட்டில் ஆள் இல்லையென்றால் திரும்பப் போக வேண்டும். மாத்திரை போட்டதும் சிலருக்கு அரிப்பு கூடும், முகம் வீங்கும். அப்போது முதல் திட்டு விழுவது அவருக்குத்தான். கேமரூன் போன்ற நாடுகளின் காட்டுப் பகுதிகளில் லோவா என்ற இன்னொரு புழுவும் ரத்தத்தில் மிக அதிகமாக இருப்பவருக்கு இதே மாத்திரை உயிருக்கே ஆபத்தாகலாம். அந்தப் பயத்தோடு கதவைத் தட்டுகிற மனிதர் அவர்.

இதைவிட எனக்கு உறுத்தியது வேறொன்று. அதே ஊர்களுக்குப் போலியோ சொட்டு மருந்து முகாம் வரும்போது வேலை செய்கிறவர்களுக்குப் பேட்டா உண்டு. சொட்டு மருந்துக்குக் காசு, மாத்திரைக்குக் கிடையாது. வேலையை விட்டுப் போனவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதற்கு எதிர்வாதமும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. உகாண்டாவில் நடந்த ஆய்வுகளில், தன் சொந்தபந்தங்களுக்கு மட்டும் மாத்திரை கொடுத்தவர்கள் காசு கேட்பது குறைவு, அவர்கள் போன வீடுகளில் மாத்திரை போடாதவர்களும் குறைவு என்று தெரியவந்தது. நியாயம்தான். அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் வருஷத்தில் சில நாள் மாத்திரை கொடுக்க யாரும் கூலி கேட்கப் போவதில்லை. அந்த அளவுக்குள் நிறுத்தியிருந்தால் நானும் ஒத்துக்கொள்வேன்.

நிறுத்தவில்லையே! இந்த முறை நன்றாக வேலை செய்கிறது என்று தெரிந்ததும், கேமரூன், நைஜீரியா, உகாண்டாவில் அதே ஆட்களிடம் கொசுவலை, வைட்டமின் ஏ, மலேரியா மருந்து எல்லாவற்றையும் கொடுத்துப் பார்த்தார்கள். மலேரியாவுக்கு ஒழுங்கான சிகிச்சை பெற்ற குழந்தைகள் இரண்டு மடங்குக்கு மேல் ஆனார்கள். அருமையான பலன். ஆனால் காய்ச்சல் குழந்தைக்கு ராத்திரியிலும் எழுந்து வர வேண்டிய வேலை அது. சொந்தக்காரருக்குச் செய்யும் உபகாரம் என்ற கணக்கில் அதைச் சேர்க்க முடியாது.

எத்தியோப்பியா ஒரு வழி காட்டியது. 2003-லிருந்து ஒவ்வொரு கெபெலேவுக்கும் (அங்கே அதுதான் மிகச் சின்ன நிர்வாகப் பகுதி) இரண்டு பெண்கள் என்று எடுத்து, பயிற்சி கொடுத்து, அரசுச் சம்பளமும் கொடுத்தது. மிக நல்ல முடிவு. ஆனால் அப்புறம் அவர்களுக்குக் கீழே, ஐந்து வீட்டுக்கு ஒரு பெண் என்று சம்பளமில்லாத ஒரு பெரும் படையைத் திரட்டியது. தண்ணீர் சுமந்து, விறகு பொறுக்கி, பிள்ளை வளர்த்து, மிச்ச நேரத்தில் ஊர் ஆரோக்கியத்தையும் பார்த்துக்கொள் என்று பெண்களிடம் சொல்வது மட்டும் ஏன் எல்லா நாட்டிலும் இவ்வளவு சுலபமாக இருக்கிறது?

"காசு கொடுத்தால் சேவை மனப்பான்மை போய்விடும்" என்கிறார்கள். டாக்டரிடம் இதை யாராவது சொல்வார்களா? திட்டத்தை மேற்பார்வை பார்க்க விமானத்தில் வந்து போகிற ஆலோசகரிடம்? ஊர்க்கார ஏழையின் மனப்பான்மைக்கு மட்டும் ஏன் இத்தனை காவல்? 2018-ல் உலக சுகாதார நிறுவனமே, சமூக சுகாதாரப் பணியாளர்களுக்கு அவர்கள் செய்யும் வேலைக்கும் நேரத்துக்கும் ஏற்ப ஊதியம் தர வேண்டும் என்று வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது.

"வெளிநாட்டுப் பணம் நின்றால் சம்பளமும் நின்றுவிடுமே" என்ற கவலை மட்டும் நிஜமானது. 2025-ல் அமெரிக்கா உதவியை வெட்டியபோது இந்த மாதிரி நோய்களுக்கான திட்டங்களும் அடிபட்டன. ஆனால் மருந்தைக் கொண்டுபோகவும் பயிற்சி கொடுக்கவும்கூட அதே பணம்தான் தேவை. அந்தச் செலவையெல்லாம் பட்ஜெட்டில் எழுதத் தெரிந்தவர்களுக்கு, நடந்து போகிற ஆளின் கூலியை எழுதும்போது மட்டும் பேனா நின்றுவிடுகிறது.

லைபீரியா எழுதியது. எபோலாவில் நொறுங்கிப்போன நாடு அது. 2016-ல், சுகாதார நிலையத்திலிருந்து 5 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஊர்களுக்கு ஊர்க்காரர்களையே பயிற்சி கொடுத்து, மாதம் 70 டாலர் ஊதியத்தில் அமர்த்தத் தொடங்கியது. குழந்தைகளின் மலேரியா, நிமோனியா, வயிற்றுப்போக்குக்கு அவர்களே மருந்து கொடுக்கிறார்கள். மேற்பார்வைக்குப் பயிற்சி பெற்ற நர்ஸ் மாதிரியானவர்கள் வருகிறார்கள். 70 டாலர் பெரிய தொகை இல்லை. ஆனாலும் அது வேலைக்கான கூலி.

நம்மில் பலர் ஆப்பிரிக்காவில் வேலை செய்யும் தொண்டு அமைப்புகளுக்குப் பணம் அனுப்புகிறோம். நல்ல காரியம், நிறுத்த வேண்டாம். அடுத்த தடவை அனுப்பும்போது ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள்: கிராமத்தில் வீடு வீடாகப் போகிறவருக்கு மாதம் என்ன கொடுக்கிறீர்கள்? "அவர்கள் தன்னார்வலர்கள்" என்று மட்டும் பதில் வந்தால் விட்டுவிடாதீர்கள். அவர் வாரத்தில் எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார் என்றும் கேளுங்கள்.