பூட்டு ஆளைச் சொல்லாது

நேற்று தமிழ் வகுப்புக் குழுவில் நடந்ததை எல்லோரும் பார்த்தீர்கள். நம் வகுப்பின் கணக்கைப் போடும் என் இணையதளத்தைப் பற்றி, "பிரவுசரே சிவப்பில் எச்சரிக்கிறது, இது மோசடித் தளம்" என்று ஒருவர் நாற்பது பெற்றோர் முன்னால் எழுதியதற்குப் பதில் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

பெங்களூரு அல்சூரில் நடக்கும் ஞாயிறு வகுப்பின் வரவு செலவைக் காட்டும் அந்தத் தளம் என் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் இருக்கிறது. தளம் பிரவுசரிடம் காட்டும் அடையாள அட்டைதான் சான்றிதழ். இந்தத் தளத்தின் சான்றிதழை, பிரவுசர் நம்பும் நிறுவனம் எதுவும் கொடுக்கவில்லை, உருவாக்கியது நான்தான். அதனால் பிரவுசர் 'இவரை எனக்குத் தெரியாது' என்கிறது. தெரியாதவன் வேறு, திருடன் வேறு. சான்றிதழின் கைரேகையை, அதாவது அதற்கு மட்டுமே உரிய அடையாளக் குறியீட்டை, 64 எழுத்தும் எண்ணுமாக, அச்சடித்து வகுப்பறைக் கதவில் ஒட்டியிருக்கிறேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி நந்நான்காகப் பிரித்து, பென்சிலால் டிக் அடித்தபடி போனில் தெரிந்த கைரேகையோடு ஒப்பிட்டாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

பிரவுசரில் தள முகவரிக்குப் பக்கத்தில் வரும் பூட்டுப் படம் ஆளைச் சொல்லாது. இந்தத் தளப் பெயர் இவர் கையில் இருக்கிறது, நடுவில் யாரும் ஒட்டுக்கேட்கவில்லை, அவ்வளவுதான் சொல்லும். போன மாதம் இதே குழுவில் வந்த போலி மின்கட்டண லிங்க்கில் சான்றிதழ் முறையாகத்தான் இருந்தது. சிவப்பும் வரவில்லை, பணம்தான் போனது.

சின்ன வயதில் வாணியம்பாடி மாமா பெயரில் ஓர் இன்லேண்ட் லெட்டர் வந்தது, அவசரமாகப் பணம் கேட்டு. தபால் முத்திரை அசல். அம்மா பிரித்ததும் "அண்ணன் எழுதினதில்லை" என்றாள். மாமாவின் பிள்ளையார் சுழியில் வால் இடப்பக்கம் வளைந்திருக்கும். இதில் நேராக இருந்தது. மாமாவுக்கு அப்படியொரு கடிதமே தெரியாது.

"பெரிய நிறுவனங்கள் சான்று கொடுக்கும்போது நீ யார்?" 2011-ல் சான்றிதழ் கொடுக்கும் நெதர்லாந்து நிறுவனமான டிஜிநோட்டாருக்குள் புகுந்தவர்கள் கூகுள் பெயரிலேயே சான்றிதழ் எடுத்தார்கள், அதை வைத்து ஈரானில் ஜிமெயில் பார்த்தவர்கள் ஒட்டுக்கேட்கப்பட்டார்கள். எப்படிப் பிடிபட்டது? கூகுள் தளங்களின் சான்றிதழ் யார் கொடுத்ததாக இருக்க வேண்டும் என்ற அடையாளம் குரோம் பிரவுசருக்குள் முன்பே பதிந்திருந்தது. ஒத்துப்போகவில்லை என்று அது எச்சரித்தது. அம்மா செய்ததும் அதைத்தானே? நம் அரசின் தேசிய தகவல் மையத்திலிருந்தே கூகுள் பெயரில் அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளியானது 2014 ஜூலையில் தெரியவந்தது. பெரிய இடம் என்பதால் தவறாமல் இருந்துவிடாது.

"சான்றிதழ் கொடுக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் இலவசம்தானே?" சரி, தளத்துக்கு ஒரு டொமைன், அதாவது சொந்தப் பெயர், எடுத்து அங்கே வாங்கியிருக்கலாம். சிவப்பும் வந்திருக்காது, நேற்றைய பேச்சும் வந்திருக்காது. ஆனால் கணக்கை யாரும் மாற்றவில்லை என்று அந்தச் சான்றிதழ் சொல்லுமா? அதற்காகத்தான் ஆண்டுக் கணக்குக் கோப்பின் எஸ்.எச்.ஏ-256 எண்ணையும், அதாவது கோப்பில் இருப்பதை வைத்துக் கணக்கிடும் அதன் கைரேகையையும், அதே தாளில் போட்டு, மூன்று பெற்றோரிடம் கையெழுத்து வாங்கினேன். ஒரு ரூபாயை மாற்றினாலும் அந்த எண் அடியோடு மாறிவிடும். ராத்திரியில் நானே திருத்தினாலும் அந்தத் தாள் என்னைக் காட்டிக்கொடுக்கும். மோசடி செய்கிறவன் தனக்கெதிரான சாட்சியைக் கதவில் ஒட்டுவானா?

"சிவப்பைத் தாண்டிப் போகப் பழக்குகிறாய்" என்கிறார்கள். 'ஒப்பிடாமல் உள்ளே போகாதீர்கள்' என்று தாளின் முதல் வரியிலேயே பெரிய எழுத்தில் இருக்கிறது. படிக்காமல் பேசினால் நான் என்ன செய்ய?

ஏழு வருடமாகச் சாக்பீஸ் வாங்கிய ரசீதைக்கூட எடுத்து வைத்திருக்கிறேன். மோசடி என்று எழுதியவரின் பிள்ளையும் அந்தக் கதவைத் திறந்துகொண்டுதான் வாராவாரம் வகுப்புக்கு வருகிறான். அவர் ஒரு போன் செய்து கேட்டிருக்கலாம். என் நம்பர் அவரிடம் இருக்கிறது.

வரும் ஞாயிறு பத்து மணிக்குக் கதவருகே இருப்பேன். போனை எடுத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்தே ஒப்பிடலாம்.