கெகல் பயிற்சி பிறப்புறுப்பு வறட்சிக்கு மருந்து இல்லை

மாதவிடாய் நின்ற பிறகு பிறப்புறுப்பில் வரும் வறட்சியும் எரிச்சலும் கெகல் பயிற்சியிலேயே (இடுப்படித் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி) போய்விடும், சிறுநீர் போகும்போது அடக்கி அடக்கி விட்டால் போதும் என்று எழுதியிருக்கிறீர்களே அக்கா, இரண்டுமே தவறு. வறட்சி வருவது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைந்து உள்தோல் மெலிவதால். தசையை எத்தனை தடவை இறுக்கினாலும் அந்தத் தோல் பழையபடி ஆகாது. அதற்கு ஈரப்பதம் தரும் ஜெல், உறவின்போது வழவழப்பு தரும் லூப்ரிகன்ட், அதிலும் சரியாகவில்லை என்றால் டாக்டர் எழுதித் தரும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம் என்று தனி வழி இருக்கிறது (மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் கேட்காமல் தொடவே கூடாது).

கெகல் கைகொடுப்பது இருமும்போதும் தும்மும்போதும் குடம் தூக்கும்போதும் சிறுநீர் சொட்டுச் சொட்டாகக் கசிகிறதே, அதற்கு. லேசான கருப்பை இறக்கத்துக்கும் உதவும். வாயு வெளியேறாமல் அடக்குவதுபோல உள்ளே மேல்நோக்கி இழுத்து, சில விநாடி பிடித்து, அப்புறம் முழுசாகத் தளர்த்த வேண்டும். மூச்சைப் பிடிக்கவோ, தொடையையும் பிட்டத்தையும் இறுக்கவோ கூடாது. ஒரு வேளைக்கு 8 தடவையாவது, நாளுக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம். கழிப்பறையில் உட்கார்ந்து சிறுநீரை நிறுத்தி நிறுத்திப் பழகினால் சிறுநீர்ப்பை முழுசாகக் காலியாகாமல் போகலாம், அதைத் தயவுசெய்து யாருக்கும் சொல்லாதீர்கள்.

உறவில் வலி உள்ள சிலருக்குத் தசை ஏற்கெனவே இறுகித்தான் இருக்கும், அவர்கள் இன்னும் இறுக்கினால் வலி கூடும். முதலில் பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்துத் துளி ரத்தம் பட்டாலும் பயிற்சி, ஜெல் எல்லாம் அப்புறம், டாக்டரிடம் போங்கள்.