கேசட்டை ஊதாதீங்க

எங்க வீட்டுக்கு யார் வந்தாலும் இது நடக்குது. மேசையில வீடியோ கேம் கேசட் இருக்கும். எடுப்பாங்க, திருப்பிப் பாப்பாங்க, அடுத்த நொடி வாய்கிட்ட கொண்டுபோய் "ஃபூ"ன்னு ஒரு ஊது. நான் கத்துறதுக்குள்ள முடிஞ்சிருது.

தயவுசெஞ்சு நிறுத்துங்க.

நான் இருக்கிறது ராமேஸ்வரம் தீவுல, தங்கச்சிமடம். ரெண்டு பக்கமும் கடல். வாடைக் காத்து அடிச்சாலும் கச்சான் காத்து அடிச்சாலும் வீட்டுக்குள்ள வர்றது உப்புதான். ஜன்னல் கம்பி பொரிஞ்சு உதிருது, கதவுக் கீல் இறுகிப்போகுது. இந்தக் காத்துல, கேசட் மெஷினைத் தொடுற அந்தச் செம்புத் தகட்டைக் காப்பாத்துறதே பெரும்பாடு. அது மேல உங்க எச்சில் ஈரம் வேறயா?

அந்தக் கேசட் கடையில வாங்கினது இல்ல. உள்ள ஓடுற கேமை எழுதினது நான். நாட்டுப்படகுல ஒருத்தர் வலை போடுவார், சூடை மீன் கூட்டம் குறுக்க வரும், அவ்வளவுதான் கேம். ஓடுற மெஷின் 1983ல ஜப்பான்ல வந்த ஃபேமிகாம். நாம சின்ன வயசுல டிவியில சொருகி விளையாடினோமே, அதெல்லாம் அதோட நகல்கள். அதுல வேலைக்குன்னு இருக்கிற ரேம் மொத்தம் 2 கேபி. திரையில 64 ஸ்பிரைட், அதாவது நகர்ற சின்னப் படம், வரைக்கும் வைக்கலாம், ஆனா ஒரே கிடைக்கோட்டுல எட்டுக்கு மேல காட்டாது. ஒன்பதாவது மீன் காணாமப் போயிரும். அதுக்காக ஒவ்வொரு ஃபிரேமுக்கும் மீன்களோட வரிசையை மாத்தி மாத்திப் போட்டேன், ஒரே மீன் மொத்தமா மறையாம எல்லாமே லேசா மினுங்கிட்டு ஓடட்டும்னு. இதை அந்த மெஷினோட 6502 வகைச் சிப்புக்கான அசெம்பிளி மொழியில எழுதி முடிக்க மாசக்கணக்கா ராத்திரி போச்சு. முடிச்சு, நிரலைப் பதிஞ்சு வைக்கிற ஈப்ராம் சிப் ரெண்டுல ஏத்தினேன். நிரலுக்கு 32 கேபி, படத்துக்கு 8 கேபி. பழைய கேசட் போர்டுல சிப்பைக் கழட்டிட்டு இதை ஈயம் வெச்சுப் பத்தவெச்சேன்.

போன மாசம் மீனெல்லாம் உடைஞ்ச கட்டம் கட்டமாத் தெரிய ஆரம்பிச்சுது. கம்ப்யூட்டர்ல அந்த மெஷின் மாதிரியே நடிக்கிற எமுலேட்டர்ல போட்டா சுத்தமா ஓடுது, மெஷின்ல மட்டும் கோளாறு. அப்ப எனக்கு என்ன தோணும்? தப்பு என் நிரல்லதான்னு தோணும். திரை வரைஞ்சிட்டிருக்கும்போதே வீடியோ நினைவகத்துல எழுதிட்டேனோ? மெஷினை ஆன் பண்ணும்போது ரேம்ல கண்டபடி கிடக்கும், அதைச் சுழியமாக்காம விட்டேனோ? இதையெல்லாம் கண்டுக்காத எமுலேட்டர்கள் உண்டு, மெஷின் விடாது. மூணு ராத்திரி வரிவரியாப் படிச்சேன். சரியா இருந்த நிரலை நானே மாத்திக் கெடுத்தேன். அதை நினைச்சா இப்பவும் வயிறு எரியுது.

நாலாம் நாள் பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்தேன். கேசட்டோட செம்புத் தகட்டுல இருக்கிற 60 பின்ல ஒண்ணுல பச்சையாக் களிம்பு. எந்தப் படம் வேணும்னு படச் சிப்புக்குச் சொல்ற முகவரிக் கம்பி அது. அது சரியாத் தொடலைன்னா, கேட்ட படத்துக்குப் பதிலா வேற படத்தை எடுத்துக் குடுக்கும். அவ்வளவுதான் விஷயம். முந்தின ரெண்டு மூணு வாரமா அந்தக் கேசட்டை யாரெல்லாம் ஊதினாங்கன்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

சொன்னா மச்சான் சண்டைக்கு வர்றான். "ஊதினா ஓடுதுல்ல?" ஓடுறது ஊதினதால இல்லடா! கழட்டித் திரும்பச் சொருகும்போது பின் உரசித் தொடுது, அதனால ஓடுது. ஊதாமச் சொருகிப் பாரு, அப்பவும் ஓடும். தயாரிச்ச நிண்டெண்டோவே ஊதாதீங்க, மூச்சு ஈரத்துல பின் அரிச்சிரும்னு சொல்லியிருக்கு. குத்துவிளக்குல களிம்பு ஏறிரக் கூடாதுன்னு வாராவாரம் புளி போட்டுத் தேய்க்கிற வீட்டுல, இதை மட்டும் ஏன் புரிஞ்சுக்க மாட்டேங்குறீங்க?

"ஒரு கேமுக்குப் போயி இப்படிக் கோவிக்கிறியே மருமகனே"ன்னு மாமா கேக்குறார். மாமா, வெளியாள் உங்க வலையை முள்ளுல போட்டு இழுத்தா நீங்க சும்மா இருப்பீங்களா? இதுவும் நான் ஒரு கண்ணு ஒரு கண்ணாப் பின்னினது.

இனிமே கேசட் எல்லாம் மூடி போட்ட டப்பாவுல, ஈரத்தை உறிஞ்சுற சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட இருக்கும். விளையாடணுமா, என்கிட்ட கேளுங்க. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பஞ்சுக் குச்சியும் வெச்சிருக்கேன். துடைச்சு, காயவிட்டு, நானே சொருகித் தர்றேன். அதுவரைக்கும் கையையும் வாயையும் தள்ளி வெச்சுக்கிட்டு உக்காருங்க.