28 கி.மீ. மைலேஜும் மேலுமலை ஏத்தமும்

ஹைப்ரிட் எஸ்யூவிக்கு (பெட்ரோல் இன்ஜினும் பேட்டரி மோட்டாரும் சேர்ந்த வண்டி) ஷோரூம்ல சொல்ற லிட்டருக்கு 28 கிலோமீட்டர் மைலேஜ் நம்ம கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் தினசரி ஓட்டத்துல கிடைக்காது. அதுக்காக கம்பெனிக்காரன் ஏமாத்துறான்னு கத்துற கூட்டத்துலயும் நான் இல்ல. 28 கிடைக்கும்னு ஒரு பக்கம், சுத்த ஏமாத்துன்னு இன்னொரு பக்கம்னு வாட்ஸ்அப்ல நடக்கிற சண்டையில ரெண்டு பக்கமும் தப்பான எண்ணைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குறாங்க. கொஞ்சம் நீளமா எழுதப் போறேன், பொறுமை இருக்கிறவங்க படிங்க.

முதல்ல அந்த 28 எங்கிருந்து வருதுன்னு பார்க்கலாம். டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா, ரெண்டோட ஸ்ட்ராங் ஹைப்ரிட்டுக்கும் (பேட்டரி மோட்டார்ல மட்டுமே கொஞ்ச தூரம் ஓடக்கூடிய வகை) அறிவிச்ச மைலேஜ் லிட்டருக்கு 27.97. 2025ல வந்த மாருதி விக்டோரிஸுக்கு 28.65. இதெல்லாம் ஆய்வுக்கூடத்துல உருளை மேல வண்டியை நிறுத்தி ஓட்டி எடுத்த எண். மொத்தச் சோதனையும் சுமார் 20 நிமிஷம். நகர ஓட்டம்னு ஒரு பகுதி, அதுல வேகம் 50ஐத் தாண்டாது, கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு நேரம் வண்டி சும்மா நிக்கும். அடுத்த பகுதியில உச்ச வேகம் 90. ஏசி கிடையாது. ஏத்தம் எறக்கம் கிடையாது. டிக்கியில மாங்காய் கிரேட் கிடையாது, பின் சீட்டுல மாமியாரும் ரெண்டு பசங்களும் கிடையாது.

எல்லா வண்டிக்கும் ஒரே சோதனைதானே, அப்புறம் ஹைப்ரிட்ல மட்டும் ஏன் இவ்வளவு வித்தியாசம்னு கேட்பீங்க. அந்தச் சோதனையில அடிக்கடி வர்ற நிக்கிறதும் மெதுவா நகர்றதும்தான் ஹைப்ரிட்டுக்குப் பிடிச்ச சாப்பாடு. நின்னா இன்ஜின் ஆஃப். பிரேக் மிதிச்சா, சூடா வீணாப் போக வேண்டிய சக்தி பேட்டரிக்குப் போகுது. மறுபடி கிளம்பும்போது அந்தக் கரண்ட்லயே வண்டி நகருது. நாலுவழிச் சாலையில ஒரே சீரா 100ல போனா பிரேக்கும் இல்ல, நிக்கிறதும் இல்ல. அப்போ அது கொஞ்சம் நல்ல இன்ஜின் வெச்ச ஒரு பெட்ரோல் கார், அவ்வளவுதான். போதாக்குறைக்குக் காத்தோட எதிர்ப்பு வேகத்தோட வர்க்கத்துல ஏறும். 80ல இருந்து 100க்குப் போனா எதிர்ப்பு 56 சதவீதம் கூடுது. பேட்டரி எவ்வளவு நல்லதா இருந்தாலும் காத்துகிட்ட ஒண்ணும் பேச முடியாது.

எங்க வீட்டுலயும் ஒரு ஸ்ட்ராங் ஹைப்ரிட்தான். எந்த வண்டின்னு சொல்லல, சொன்னா கமெண்ட்ல வேற சண்டை ஆரம்பிக்கும். கிருஷ்ணகிரியில இருந்து ஓசூர்ல வேலைக்குப் போயிட்டு வர்றதால இந்த ரோடு எனக்கு அத்துப்படி. நான் ஓட்டினா 80-90ல போவேன், போக வர சராசரி 21 பக்கம் நிக்கும். எங்க வீட்டுக்காரர் எடுத்தா 17. கேட்டா "நூறுலதான்மா போனேன்"னு சொல்லுவார். அவரோட நூறு எவ்வளவுன்னு சூளகிரி தாண்டி அவரை வழியில பார்த்த எங்க ஆபீஸ் ஆளுங்களுக்குத் தெரியும்.

இப்போ கிருஷ்ணகிரி-ஓசூர் ரோட்டுல வர்ற மேலுமலை ஏத்தத்துக்கு வர்றேன். இந்தப் பக்கத்து ஆளுங்க மைலேஜ் பேசும்போது யாருமே தொடாத விஷயம் இது. ஓசூர் நம்ம கிருஷ்ணகிரியைவிட 350 மீட்டருக்கு மேல உசரத்துல இருக்கு. ஆளும் சாமானும் சேர்ந்து 1,600 கிலோ இருக்கிற வண்டியை அந்த உசரத்துக்குத் தூக்க சுமார் ஒன்றரை யூனிட் சக்தி வேணும். நம்ம ஈபி பில்லுல வர்ற அதே யூனிட். ஒரு லிட்டர் பெட்ரோல்ல கிட்டத்தட்ட 9 யூனிட் சக்தி இருக்கு, ஆனா இன்ஜின்ல சூடாப் போனது போக சக்கரத்துக்கு வந்து சேர்றது மூணு யூனிட் அளவுதான். அப்போ ஏத்தத்துக்கு மட்டும் அரை லிட்டர். ஐம்பது கிலோமீட்டர் தூரத்துல அரை லிட்டர் தனியாப் போனா, சமதளத்துல 21 கொடுக்கிற வண்டி 17தான் கொடுக்கும். குருபரப்பள்ளி தாண்டி லாரிக்குப் பின்னாடி ஏறும்போது மீட்டர்ல அந்த எண் ஒவ்வொண்ணா விழறதை நான் பார்த்துக்கிட்டேதான் போவேன்.

திரும்பி வரும்போது இதே கதை தலைகீழ். எறக்கத்துல 26, 28, சில நாள் 30கூடக் காட்டும். வாட்ஸ்அப் குரூப்ல சுத்துற "பாருங்கடா 29 மைலேஜ்" போட்டோல பாதி ஓசூர்ல இருந்து கிருஷ்ணகிரிக்கு எறங்கி வந்தப்போ எடுத்ததுதான்னு என் சந்தேகம். போற வழிப் போட்டோவை எவனும் போட மாட்டான்.

எறக்கத்துல எல்லாம் பேட்டரிக்கு வந்துடும்னு ஒரு நம்பிக்கையும் இருக்கு. அதுவும் பாதிதான் சரி. ஹைரைடர், கிராண்ட் விட்டாராவுல இருக்கிற பேட்டரி மொத்தமே 0.76 யூனிட். முக்கால் யூனிட்! வீட்டுல ஏசி அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் ஓடினா தீர்ந்துடும். அதுலயும் முழுசாக் காலி பண்ணவோ முழுசா நிரப்பவோ கம்ப்யூட்டர் விடாது. ஆனா அதே 1,600 கிலோ வண்டி செங்குத்தா 100 மீட்டர் எறங்கினாலே 0.44 யூனிட் சக்தி வெளிய வருது. பென்னாகரத்துல இருந்து ஒகேனக்கல் எறங்கும்போது பாருங்க, பாதி வழியிலயே பேட்டரி ஃபுல். அதுக்கப்புறம் வர்றதை வாங்கி வைக்க இடம் இல்ல. கியர்ல 'B' (எறக்கத்துல வண்டியைப் பிடிக்கிற நிலை, பார்க்கிங் 'P' இல்ல) போட்டா இன்ஜினை வெறுமனே சுத்த வெச்சு வண்டியோட வேகத்தைப் பிடிச்சு வெக்கும், சத்தமும் வரும். வண்டி கெட்டுப்போச்சுன்னு பயந்து எனக்கே போன் பண்ணவங்க உண்டு. கெட்டுப்போகல, அது அப்படித்தான். தொப்பூர் கணவாய்ல பெட்ரோல் மிச்சம் பண்றேன்னு நியூட்ரல் போடுற ஆளுங்களும் இருக்காங்க. ஹைப்ரிட்ல நியூட்ரல் போட்டா ஒரு சொட்டு சார்ஜும் ஏறாது, உயிருக்கும் ஆபத்து, தயவுசெஞ்சு வேண்டாம்.

மீட்டரை நம்பாதீங்கன்னு சொல்றதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. நான் பார்த்த வரைக்கும் டேஷ்போர்டு காட்டுறது கொஞ்சம் தாராளமாத்தான் இருக்கும். டேங்க் டு டேங்க் கணக்குதான் கணக்கு, அதாவது டேங்கை நிரப்பி ஓட்டி, ஓடின தூரத்தை அடுத்து நிரப்பின லிட்டரால வகுக்கிறது. அதையும் ஒழுங்காப் பண்ணணும்: ஒரே பங்க், முடிஞ்சா ஒரே பம்ப், முதல் ஆட்டோ கட்டோட நிறுத்தணும். காரிமங்கலம் பக்கம் நான் போடுற பங்க்ல இருக்கிற தம்பிக்கு இது ஒரு வேதனை. கட் ஆனதும் துப்பாக்கியை லேசாத் தூக்கிப் பிடிச்சு, "அக்கா, இன்னும் நாப்பது ரூபா போட்டா ரவுண்டாயிடும்கா"ன்னு கெஞ்சுவான். "வேண்டாம்பா, போதும்"னு சொன்னா என்னைப் பார்க்கிற பார்வையே வேற. ஒரு தடவை கட்டோட நிறுத்தி, அடுத்த தடவை வண்டியை ஆட்டி ஆட்டிக் கழுத்து வரைக்கும் ஊத்தினா, லிட்டருக்கு ரெண்டு கிலோமீட்டர் வித்தியாசம் அங்கேயே வந்துடும்.

இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) பத்தியும் கேட்பீங்க, சுருக்கமா முடிச்சுடறேன். எத்தனால்ல லிட்டருக்கு இருக்கிற சக்தி பெட்ரோலைவிட மூணுல ஒரு பங்கு குறைவு. 2021ல நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையிலயே, சுத்த பெட்ரோலுக்கு வடிவமைச்சு இ10க்கு (10 சதவீதம் எத்தனால்) சரிபண்ணின கார்ல இ20 போட்டா 6-7 சதவீதம் குறையும்னு இருக்கு. புது வண்டிகள்ல இழப்பு இன்னும் குறைவுன்னு சொல்றாங்க. எப்படிப் பார்த்தாலும் 28ல இருந்து 21க்கு விழுந்ததுக்குக் காரணம் எத்தனால்னு மொத்தப் பழியையும் அது தலையில போட முடியாது.

அப்புறம் ஐரோப்பா செய்தி ஒண்ணு அடிக்கடி ஃபார்வேர்ட் ஆகுது, "ஹைப்ரிட் சொன்னதைவிட மூணரை மடங்கு பெட்ரோல் குடிக்குது"ன்னு. அது 2024ல ஐரோப்பிய ஆணையம் வெளியிட்டது. உண்மைதான், ஆனா அது பிளக்-இன் ஹைப்ரிட் பத்தி. வீட்டுல சார்ஜ் போட்டு ஓட்ட வேண்டிய வண்டியை சார்ஜே போடாம ஓட்டினா அப்படித்தான் வரும். நான் இங்க பேசுற ஸ்ட்ராங் ஹைப்ரிட் வேற சாதி, இதுக்குப் பிளக்கே கிடையாது. அதே அறிக்கையில சாதாரண பெட்ரோல், டீசல் காரும் சோதனை எண்ணைவிட சுமார் 20 சதவீதம் கூடக் குடிக்குதுன்னு இருக்கு. அந்த வரியை யாரும் ஃபார்வேர்ட் பண்றதில்ல.

சரி, தப்பான எண்ணைப் பிடிச்சுத் தொங்குறாங்கன்னு ஏன் சொன்னேன்? கிலோமீட்டர் எவ்வளவு விழுந்துச்சுன்னு பார்த்தா ஹைப்ரிட் பெரிய குற்றவாளி மாதிரித் தெரியும். 28 சொல்லி 21, ஏழு போச்சு. ஆனா செலவு லிட்டர்லதானே ஆகுது? கிராண்ட் விட்டாரா ஆட்டோமேட்டிக் மைல்ட் ஹைப்ரிட்டுக்கு (மோட்டார் இன்ஜினுக்குக் கைகொடுக்க மட்டும் இருக்கிற வகை) அறிவிச்சது 20.58. அந்த அளவு வண்டி ஏசியோட, ஊரும் ஹைவேயும் கலந்து ஓடினா 15 கொடுக்கும்னு வெச்சுக்குவோம். வருஷத்துக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டினா, பேப்பர் கணக்குப்படி ஸ்ட்ராங் ஹைப்ரிட்ல மிச்சம் 193 லிட்டர். ரோட்டுக் கணக்குப்படி, 15க்கும் 21க்கும் உள்ள வித்தியாசத்துல, மிச்சம் 286 லிட்டர். சொன்ன மைலேஜ் கிடைக்கலைன்னு திட்டிக்கிட்டே நீங்க மிச்சம் பண்றது பேப்பர்ல இருக்கிறதைவிட அதிகம்! எங்க ஆபீஸ்ல கணக்குப் புலிகளுக்கே இதை ரெண்டு தடவை போட்டுக் காட்ட வேண்டி இருந்துச்சு.

உடனே புக் பண்ணக் கிளம்பிடாதீங்க. அது கலந்து ஓட்டுறவங்க கணக்கு. ஓசூருக்குள்ளயே, பஸ் ஸ்டாண்டு, பாகலூர் ரோடு, சிப்காட்னு நெரிசல்லயே வாழ்றவங்களுக்கு சாதாரண பெட்ரோல் ஆட்டோமேட்டிக் 12 கொடுக்கும், ஹைப்ரிட் 22 கொடுக்கும். லிட்டர் நூறு ரூபாய்னு வெச்சாலும் வருஷத்துக்கு ஐம்பத்தாறாயிரம் மிச்சம். ஆனா பாலக்கோட்டுல இருக்கிற எங்க பெரியப்பா பையன் மாதிரி ஆளுக்கு? அண்ணன் ஓடுறதெல்லாம் சேலம், பெங்களூரு, அதுவும் 100க்குக் குறையாம. அவருக்குப் பெட்ரோல் 17 கொடுத்தா ஹைப்ரிட் 19 கொடுக்கும். வருஷத்துக்குத் தொண்ணூறு லிட்டர் சொச்சம், ஒன்பதாயிரம் ரூபாய். விலை வித்தியாசம் ரெண்டு லட்சம்னு வெச்சா இருபது வருஷத்துக்கு மேல ஆகும். பேட்டரிக்கு வாரண்டியே எட்டு வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர்தான்.

அந்த ரெண்டு லட்சத்துக்கும் சேர்த்துத்தான் ரோடு டாக்ஸ் போடுறாங்க. உத்தரப் பிரதேசத்துல 2024 ஜூலையில ஸ்ட்ராங் ஹைப்ரிட்டுக்குப் பதிவு வரியில விலக்கு கொடுத்தாங்க. நம்மகிட்ட 10 லட்சத்துல இருந்து 20 லட்சம் வரைக்கும் சாதாரண பெட்ரோல் கார் வாங்கினாலும் ஹைப்ரிட் வாங்கினாலும் 18 சதவீதம். பெட்ரோலை மிச்சம் பண்றவனுக்கும் அதே, குடிக்க விடுறவனுக்கும் அதே.

அண்ணன்கிட்ட ஷோரூம்ல என்ன கேட்டாங்கன்னு விசாரிச்சேன். கலர் கேட்டாங்களாம், எக்ஸ்சேஞ்ச் இருக்கான்னு கேட்டாங்களாம், லோன் எவ்வளவுன்னு கேட்டாங்களாம். எந்த ரோட்டுல ஓட்டுவீங்கன்னு யாரும் கேட்கல. எனக்குக் கோபம் வர்றது அங்கதான். 27.97ங்கிறது ஆய்வுக்கூடத்துல உண்மையாவே வந்த எண்ணா இருக்கலாம். ஹைவேலயே கிடக்கிற ஆளுகிட்ட நெரிசல்ல ஜொலிக்கிற வண்டியை அந்த ஒரே எண்ணைக் காட்டி விக்கிறது என்ன நியாயம்? மைல்ட் ஹைப்ரிட்டையும் வெறுமனே "ஹைப்ரிட்தான் சார்"னு தள்ளி விடுறதும் நடக்குது. அது பேட்டரில மட்டும் ஒரு அடிகூட நகராது. வாங்கும்போது ஸ்ட்ராங்கா மைல்டான்னு பில்லுல எழுதி வாங்குங்க.

அமெரிக்காவுல கார் கண்ணாடியில ஒட்டுற லேபிள்ல நகரத்துக்கு ஒரு எண், ஹைவேக்கு ஒரு எண், ரெண்டும் சேர்த்து ஒரு எண்ணுன்னு தனித்தனியா இருக்கும். டொயோட்டா ராவ்4 ஹைப்ரிட்டுக்கு கேலனுக்கு நகரத்துல 41, ஹைவேல 38 மைல்னு போட்டிருந்தாங்க. ஹைவேலதான் குறைச்சல், அதை ஒட்டியே விக்கிறாங்க. ஃபோர்டு சி-மேக்ஸ் ஹைப்ரிட்டுக்கு 47னு போட்டது ரோட்டுல வரலைன்னு புகார் எழுந்து, 2013ல 43னு குறைச்சு, வாங்கினவங்களுக்கு 550 டாலர் கொடுத்தாங்க. நம்ம விளம்பரத்துல ஒரே எண், கீழே எறும்பு எழுத்துல ஒரு நட்சத்திரக் குறி. சோதனையே நகரம், ஊருக்கு வெளியேன்னு ரெண்டு பகுதியா நடக்குது. ரெண்டு எண்ணையும் தனித்தனியா அச்சடிக்க என்ன கஷ்டம்? ஏசி போட்டு மூணாவது எண் கொடுத்தா இன்னும் நல்லது. அது வர்ற வரைக்கும் நீங்களே ஒரு வாரம் உங்க வண்டி எங்க எல்லாம் போகுதுன்னு பாருங்க. பாதிக்கு மேல 40ஐத் தாண்டாத ஓட்டமா இருந்தா ஹைப்ரிட் ஷோரூம் பக்கம் போங்க. மிச்சப் பேர் அந்த ரெண்டு லட்சத்துக்கு வேற வேலை பாருங்க.

ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரியில ஹைப்ரிட் ஓட்டுறவங்க டேங்க் டு டேங்க் கணக்கு வெச்சிருந்தா கமெண்ட்ல போடுங்க. எந்த ரூட், எந்த வேகம், ஏசி உண்டா இல்லையான்னும் சேர்த்து எழுதுங்க. மீட்டர் போட்டோ வேண்டாம், பங்க் பில் போதும். எறக்கத்துல மட்டும் எடுத்த கணக்கா இருந்தா டெலீட் பண்ணிடுவேன்.