கரண்ட் வைத்த உடம்பும் கதிரியக்கம் என்ற ஒற்றைச் சொல்லும்

மார்பகப் புற்றுநோய்க்கு 25 நாள் கதிர்வீச்சு சிகிச்சை (ஊர்ப் பேச்சில் 'கரண்ட் வைப்பது') முடித்துப் போன ஒரு பாட்டி, ஆறு வாரம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தார். தோலில் இருந்த புண் ஆறியிருந்தது. முகம்தான் வாடிக் கிடந்தது. "பேரனைத் தூக்கலாமா தம்பி?" என்று கேட்டார். இந்த ஆறு வாரமும் பின்கட்டில் தனிப் பாய், தனித் தட்டு. இரண்டு வயதுப் பேரன் நிலைப்படியில் நின்று கையை நீட்டினால், மருமகள் ஓடிவந்து தூக்கிக்கொண்டு போய்விடுவாராம். "கரண்ட் வைத்த உடம்பு இல்லையா?" என்று பாட்டியே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

கூட வந்திருந்த மருமகள் மேல் எனக்குக் கோபம் வந்தது. அவர் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டியதும் அந்தக் கோபம் போய்விட்டது. அதே தெருவில் தைராய்டு புற்றுநோய்க்கு மருந்து குடித்த ஒரு பெண்ணுக்கு வேறொரு மருத்துவமனை கொடுத்த தாளின் நகல் அது. "கதிரியக்க சிகிச்சை பெற்றவர்கள் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் சில நாட்கள் நெருங்கக் கூடாது" என்று அதில் இருந்தது. எங்கள் கோப்பின் மேலட்டையில், பாட்டியின் பெயருக்குக் கீழே அச்சாகியிருப்பதும் அதே 'கதிரியக்க சிகிச்சை'தான். மருமகளுக்கு அப்போது நான்காவது மாதம். எழுதியிருந்ததை நம்பி நடந்த பெண்ணை நான் எந்த வாயால் குறை சொல்ல முடியும்?

நான் மருத்துவ இயற்பியலாளர்; சிகிச்சைக் கதிரின் அளவைக் கணக்கிட்டுச் சரிபார்ப்பது என் வேலை. கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் பொறுப்பும் என்னிடம்தான் இருக்கிறது. அன்று பாட்டியிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்த மேலட்டை பல ஆண்டுகளாக என் கண் முன்னால்தான் இருந்தது.

கதிரியக்கம் வேறு, கதிர்வீச்சு வேறு. பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலே இதைச் சரியாகச் சொல்லித் தருகிறது. ஒரு பொருளின் அணுக்கரு தானாகச் சிதைந்து கதிர்களை வெளிவிடும் தன்மைதான் கதிரியக்கம். வெளிவருகிற கதிர் கதிர்வீச்சு. பாட்டிக்குச் சிகிச்சை தந்தது நேரியல் முடுக்கி என்ற இயந்திரம். மின்சாரத்தில் ஓடுவது, அதற்குள் கதிரியக்கப் பொருள் எதுவும் வைக்கப்படவில்லை. பொத்தானை அணைத்தால் விளக்கு அணைவதுபோல் கதிர் நின்றுவிடும். பாட்டியின் உடம்பில் எதுவும் மிச்சமிருக்காது. மேசையிலிருந்து இறங்கிய நிமிடமே பேரனை அள்ளிக்கொண்டிருக்கலாம். யோசித்துப் பார்த்தால், பாமரர் சொல்லும் 'கரண்ட் வைப்பது' எங்கள் மேலட்டையைவிட உண்மைக்கு அருகில் இருக்கிறது. உடம்பில் மின்சாரம் பாய்ச்சுகிறார்கள் என்ற பயத்தை மட்டும் அதிலிருந்து நீக்க வேண்டும்.

தைராய்டுப் பெண்ணின் கதை வேறு. அவர் விழுங்கியது அயோடின் 131 என்ற கதிரியக்க மருந்து. அதன் அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் காலம், 8 நாள். விழுங்கிய பிறகு அவர் உடம்பே கதிர் வீசும். வியர்வை, எச்சில், சிறுநீர் எல்லாவற்றிலும் அது வெளியேறும். அதனால்தான் 30 மில்லிகியூரிக்கு (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) மேல் கொடுத்தால் தனி அறையில் சேர்க்கிறோம். அந்த அறையின் கழிப்பறை நீர் நேராகச் சாக்கடைக்குப் போகாது. தொட்டியில் தேக்கி, கதிரியக்கம் தணிந்த பிறகே வெளியே விடுவோம். ஒரு மீட்டர் தூரத்தில் கருவியைப் பிடித்து அளந்து, அளவு இறங்கிய பிறகுதான் வீட்டுக்கு அனுப்புவோம். அவருக்கு அந்தத் தாளின் ஒவ்வொரு வரியும் அவசியம்.

சட்டம் இந்த வேறுபாட்டை நன்றாகவே அறிந்திருக்கிறது. 1962-ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தின் கீழ் 2004-இல் வந்த கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள், நேரியல் முடுக்கிக்கும், உள்ளே கதிரியக்கக் கோபால்ட் வைத்த சிகிச்சை இயந்திரத்துக்கும் உரிமம் கேட்கின்றன. அயோடின் போன்ற கதிரியக்க மருந்து தரும் அணுக்கரு மருத்துவத் துறைக்கு அங்கீகாரம். சாதாரண எக்ஸ்ரே கருவிக்குப் பதிவு. மூன்றும் மூன்று படிகள். தமிழில் எழுதும்போது மூன்றையும் 'அனுமதி' என்ற ஒரே சொல்லில் போட்டு மூடிவிடுகிறோம். 1983-இல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், கதிர்வீச்சு சிகிச்சைக்கு ஒன்றும் அணுக்கரு மருத்துவத்துக்கு ஒன்றுமாகத் தனித்தனிப் பாதுகாப்பு நெறித்தொகுப்பு வைத்திருக்கிறது. மருத்துவரின் பட்டமும் வேறு. ஆங்கிலத்தில் எம்.டி. ரேடியோதெரபி என்றிருந்ததை எம்.டி. ரேடியேஷன் ஆன்காலஜி (கதிர்வீச்சுப் புற்றுநோயியல்) ஆக்கினார்கள். தமிழ்ப் பலகைகளில் மட்டும் எக்ஸ்ரே அறை, புற்றுநோய்ப் பிரிவு, அயோடின் வார்டு மூன்றின் மேலும் கதிரியக்கம் என்ற அதே சொல் தொங்குகிறது.

இதைச் சொற்சண்டை என்று ஒரு நண்பர் சொன்னார். என்னால் ஏற்க முடியவில்லை. பிரேசிலின் கோயானியா நகரில் 1987-இல், கைவிடப்பட்ட ஒரு சிகிச்சை மையத்தின் இயந்திரத்திலிருந்து சீசியம் 137 இருந்த உறையைப் பெயர்த்துப் பழைய இரும்புக் கடைக்கு விற்றார்கள். நான்கு பேர் இறந்தார்கள். 2010-இல் டெல்லி மாயாபுரியில், பல்கலைக்கழகம் ஒன்று ஏலத்தில் விற்ற ஆய்வுக் கருவியிலிருந்த கோபால்ட் 60 ஓர் உயிரைக் குடித்தது. அணைத்தால் நிற்கும் இயந்திரம் எது, அணைத்த பிறகும் உள்ளே உயிரோடிருக்கும் பொருள் எது என்பது பொருளை வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் அவரவர் மொழியில் தெரிந்தாக வேண்டும்.

'அணு' என்றாலே மக்கள் மிரள்வார்கள், அதனால் பூசி மெழுகலாம் என்று சிலர் சொல்கிறார்கள். எம்.ஆர்.ஐ.யின் பழைய பெயரில் இருந்த 'நியூக்ளியர்' அந்தப் பயத்தால்தான் உதிர்ந்தது என்பார்கள். அங்கே உதிர்ந்தது சரி, அதில் கதிரியக்கமே இல்லை. அயோடின் வார்டில் அந்தச் சொல்லை மறைப்பது நோயாளியை ஏமாற்றுவது.

சுகாதாரத் துறையும் மருத்துவப் பல்கலைக்கழகமும் தமிழ் வளர்ச்சித் துறையும் ஒருநாள் உட்கார்ந்தால் முடிகிற வேலை இது. வெளியிலிருந்து கதிர் பாய்ச்சுவது கதிர்வீச்சு சிகிச்சை. கதிரியக்கப் பொருளைக் கட்டிக்கு அருகே கொண்டுபோய் நிறுத்தி, பெரும்பாலும் திரும்ப எடுத்துவிடுவது அண்மைக் கதிர்வீச்சு சிகிச்சை. கதிரியக்க மருந்தை உடம்புக்குள் செலுத்துவது அணுக்கரு மருத்துவம். இதைவிட நல்ல சொற்கள் கிடைத்தால் மகிழ்ச்சியோடு ஏற்பேன். எதுவானாலும் மூன்றும் மூன்றாக இருக்கட்டும்.

எங்கள் பிரிவில் மேலட்டையை மாற்ற அச்சகத்துக்குக் கொடுத்தாயிற்று. அது வரும்வரை ஒவ்வொரு கோப்பிலும் நானே கையால் எழுதுகிறேன்: "இந்தச் சிகிச்சைக்குப் பின் உங்கள் உடலிலிருந்து கதிர் எதுவும் வராது. குழந்தைகளைத் தூக்கலாம்." உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படியொரு தாள் கொடுத்திருந்தால், பெயரையும் பதிவு எண்ணையும் மறைத்து, படமெடுத்துப் பின்னூட்டத்தில் போடுங்கள். எந்தச் சிகிச்சைக்கு என்ன பெயர் எழுதுகிறார்கள் என்று ஒரு பட்டியல் சேர்த்து, மேலே அனுப்பப் போகிறேன்.